ரத்தம் கொட்டியவரை மீட்கும்போது இதயத்தைக் காப்பது எப்படி: க்வாசூலு-நட்டாலுக்குப் புதிதாக வந்த தமிழ் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்

மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்து முடித்து, தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் டர்பன் பக்கம் ஓர் அவசரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சனிக்கிழமை இரவே பாடம் தொடங்கிவிடும். சம்பளத்தை ஒட்டிய வார இறுதி என்றால் கேட்கவே வேண்டாம். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, நெடுஞ்சாலையில் கவிழ்ந்த டாக்ஸி (இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் ஏறும் மினிபஸ்), சிசேரியன் முடிந்தும் ரத்தம் நிற்காத தாய் என்று வரிசையாக வருவார்கள். ஊரில் நாம் அதிகம் பார்த்தது டெங்குவும் மாரடைப்பும். இங்கே கை பழக வேண்டியது ரத்தப்போக்கில்.

ரத்தப்போக்கைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த நேரத்தில் இதயம் என்ன பாடுபடுகிறது என்பதைத் தனியாக யாரும் சொல்லித் தருவதில்லை. இதயம் இங்கே இரண்டு முறை அடி வாங்குகிறது. ரத்தம் போனதால் விழுவது முதல் அடி. நாம் அவசரத்தில் ஏற்றுவதால் விழுவது இரண்டாவது: குளிர்ந்த ரத்தம், அதிலுள்ள சிட்ரேட், கசிந்த பொட்டாசியம், அளவு மீறிய உப்புநீர். முதல் அடி நம்மிடம் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் பணியிலிருக்கும் மூத்தவரின் சொல்லும் இந்தக் கட்டுரைக்கு மேலே என்பதை மனத்தில் வையுங்கள்.

முதலில், இதயத்துக்கு என்ன நடக்கிறது

மற்ற உறுப்புகள் வந்த ஆக்சிஜனில் கால்பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். கஷ்டகாலத்தில் கூடுதலாக எடுத்துச் சமாளிக்கும். இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் ஓடினால்தான் உண்டு.

இடது கீழறைக்கான ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் கரோனரிக் குழாய்களில் பாய்கிறது. அதனால் மானிட்டரில் கீழே தெரியும் டயஸ்டாலிக் எண் இதயத்துக்கு முக்கியம். துடிப்பு 140க்குப் போனால் விரியும் நேரம் சுருங்குகிறது. தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து குறைகிறது. நல்ல குழாய்கள் உள்ள இருபது வயதுப் பையன் இதைத் தாங்குவான். குழாய் அடைத்த அறுபது வயதுக்காரர் தாங்கமாட்டார்.

பெரியவர்களுக்கு உடலில் கிலோவுக்கு சுமார் 70 மி.லி. ரத்தம். 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 5 லிட்டர். இதில் 30 சதவீதம் போகும்வரை சிஸ்டாலிக் பிரஷர் (மேலே தெரியும் எண்) தாக்குப்பிடிக்கலாம். எண் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். துடிப்பை சிஸ்டாலிக் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். 0.9ஐத் தாண்டினால் ரத்தவங்கிக்குப் போன் செய்யும் நேரம் வந்துவிட்டது.

முதல் படி: ஓட்டையை அடையுங்கள்

இதயத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ரத்தத்தை நிறுத்துவதுதான். கையால் அழுத்துவது, கைகால் என்றால் டூர்னிகே கட்டி நேரம் எழுதுவது, உடைந்த இடுப்பெலும்பைத் துணியால் இறுக்குவது. இவை உங்களுக்குத் தெரிந்தவையே.

ஊரில் பார்த்திராத ஒன்று, கழுத்துக் குத்துக்காயத்துக்கு ஃபோலி கதீட்டர். சிறுநீருக்குப் போடும் அதே குழாய்தான். காயத்தின் வழியே மெதுவாக உள்ளே செலுத்தி, பலூனில் 10 முதல் 15 மி.லி. நீர் ஏற்றினால் உள்ளிருந்து அழுத்தும். குழாயை மடித்துக் கட்டிவிட்டு, சுற்றியுள்ள தோலைத் தையல் போட வேண்டும். தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் நன்றாகக் கைவந்த முறை. மூத்தவர் ஒருவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள்.

நெஞ்சில் குத்துப்பட்டவர் பிரஷர் இல்லாமல் வந்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று உடனே அல்ட்ராசவுண்டில் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கும் என்று புத்தகம் சொல்லும். ரத்தம் நிறையப் போனவருக்கு அது புடைக்காது. இவருக்கு லிட்டர் கணக்கில் ஏற்றுவதால் பயனில்லை. அறுவை அரங்கம்தான் மருந்து.

உருவான ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு இன்னொரு கிராம் 8 மணி நேரத்தில். 2010ல் வந்த கிராஷ்-2 ஆய்வு 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களிடம் இது உயிர் காப்பதைக் காட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதைத் தாண்டினால் கெடுதல் வரலாம். பிரசவ ரத்தப்போக்குக்கும் உதவும். ஆனால் ரத்த வாந்தி எடுப்பவருக்குப் பழக்கதோஷத்தில் கொடுத்துவிடாதீர்கள். 2020ல் வந்த ஹால்ட்-இட் ஆய்வில் குடல் ரத்தப்போக்குக்கு அது பயன்தரவில்லை, நரம்புகளில் ரத்தக்கட்டு கூடியது.

பிரசவ அறைக்கு ஒரு வார்த்தை. கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினை நரம்பில் ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். பிரஷர் சரியும், இதயம் தாறுமாறாக ஓடும். ஏற்கெனவே ரத்தம் இழந்த தாய்க்கு அந்தச் சரிவே போதும்.

இரண்டாம் படி: எந்த எண் போதும்

புதியவர்கள் பிரஷரை 120க்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். ரத்தம் இன்னும் நிற்காதபோது அது தவறு. பிரஷர் ஏறினால் உருவான ரத்தக்கட்டு பிய்ந்துபோகும், உப்புநீரால் ரத்தம் நீர்த்துப்போகும். 1994ல் ஹூஸ்டனில் 598 பேரிடம் நடந்த ஆய்வில், உடலில் குத்தோ குண்டோ துளைத்தவர்களுக்கு அறுவை அரங்கம் போகும்வரை திரவத்தைத் தள்ளிப்போட்டபோது 70 சதவீதம் பேர் பிழைத்தார்கள். உடனே ஏற்றியவர்களில் 62 சதவீதம்.

தலையில் அடி இல்லாதவருக்கு, ரத்தம் நிற்கும்வரை சிஸ்டாலிக் 80 முதல் 90 போதும். பேசுகிறார், மணிக்கட்டில் நாடி தட்டுப்படுகிறது என்றால் மேலும் ஏற்றாமல் பொறுத்திருக்கலாம். தலையில் பலத்த அடி இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, 110க்குக் குறையவிடாதீர்கள்.

இந்தச் சிக்கனம் எல்லாருக்கும் பொருந்தாது. அடுத்த பகுதியை அதற்காகவே நீட்டி எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த் தாத்தா

ஆர்.கே. கான் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், வடக்கே ஃபீனிக்ஸ், டோங்காட் என்று இந்த ஊர்களில் நம் ஆட்கள் நான்கைந்து தலைமுறையாக இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோயும் இளவயது மாரடைப்பும் அதிகம் என்பது இங்கே நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அந்த வீடுகளிலிருந்து வரும் தாத்தாவின் பையில் அடெனோலால், ஆஸ்பிரின், மெட்ஃபார்மின் மூன்றும் இருக்கும்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார், அல்லது இரண்டு நாளாகக் கறுப்பாக மலம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தான அடெனோலால் சாப்பிடுவதால் துடிப்பு 72லேயே நிற்கும். வழக்கமாக 160 இருக்கும் பிரஷர் 110க்கு இறங்கியிருக்கும்.

இந்த நாட்டில் அவசரப் பிரிவு வாசலில் யாரை முதலில் பார்ப்பது என்று நிறம் பிரிக்க ‘சாட்ஸ்’ என்ற முறை இருக்கிறது. கேப் டவுனில் உருவானது, நல்ல முறை. அதில் துடிப்பு 51 முதல் 100 வரை என்றால் பூஜ்யம், சிஸ்டாலிக் 101 முதல் 199 வரை என்றாலும் பூஜ்யம். ஆக, ஒரு லிட்டர் இழந்த தாத்தா இந்த இரண்டு கட்டத்திலும் பூஜ்யம் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம் என்ற மஞ்சள் பட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முறை மேல் பழி இல்லை. மூத்த செவிலியரோ மருத்துவரோ தம் முடிவால் நிறத்தை உயர்த்தலாம் என்று அந்த முறையே இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். கை சில்லென்று இருக்கிறதா, நெற்றியில் வியர்வை இருக்கிறதா, லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது) எவ்வளவு, இதைப் பார்த்து நிறத்தை மாற்றுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘இதய நோய் உண்டா’ என்று கேட்டால் இல்லை என்பார். “தாத்தா, காலையில் என்னென்ன மாத்திரை போட்டீங்க?” என்று கேளுங்கள். கூட வந்த பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பை அவள் கையில்தான் இருக்கும்.

இவருக்கு மார்வலி வராமலே இதயத் தசை அடிபடும். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமல் போவது சாதாரணம். வந்தவுடனே பன்னிரண்டு லீடு இசிஜி எடுங்கள். அதில் எஸ்டி கோடு இறங்கியிருந்தால் ரத்தக்கட்டை எதிர்க்கும் மருந்துக்குப் பாயவேண்டாம். ரத்தம் போதாமல் இதயம் அழுகிறது என்றுதான் முதலில் எண்ணவேண்டும். இதற்கு மருந்து ரத்தம்தான். 80 பிரஷரில் இவரை வெகுநேரம் விடுவது ஆபத்து. அவருடைய வழக்கமான பிரஷரை மனத்தில் வைத்து, சீக்கிரம் ரத்தம் ஏற்றி, சீக்கிரம் எண்டோஸ்கோபிக்கோ அறுவைக்கோ அனுப்பவேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்க யாராவது இன்னொரு பீட்டா பிளாக்கரை நீட்டினால் தடுத்துவிடுங்கள். வேகமான துடிப்பு ரத்தம் குறைந்ததற்கான ஈடு. அதை அடக்கினால் உள்ளதும் போகும்.

மூன்றாம் படி: எதை ஏற்றுவது

ரத்தம் போனவருக்கு ரத்தம். உப்புநீர் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. அதுவும் 250 மி.லி. அளவாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாடியைப் பாருங்கள். நார்மல் சலைனில் குளோரைடு 154 மில்லிமோல். லிட்டர் கணக்கில் போனால் ரத்தத்தில் அமிலம் ஏறும், அமிலத்தில் இதயம் சுருங்கும் வலுவை இழக்கும். ரிங்கர்ஸ் லாக்டேட் மேல். ஆனால் அதில் கால்சியம் இருப்பதால் ரத்தம் ஓடும் அதே குழாயில் அதை ஓடவிடக்கூடாது.

இந்த நாட்டின் ஒன்பது மாகாணங்களில் எட்டுக்கு ரத்தம் தருவது தென்னாப்பிரிக்க தேசிய ரத்தச் சேவை. மேற்குக் கேப்புக்குத் தனி அமைப்பு. உங்கள் மருத்துவமனையில் அவசர ரத்தக் குளிர்பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டுவையுங்கள். ஓ வகைப் பையைத் தொங்கவிடுவதற்கு முன் நோயாளியின் மாதிரியை எடுத்து, பெயர் ஒட்டி, அனுப்பிவிடுங்கள்.

பிளாஸ்மா விஷயத்தில் இங்கே நமக்கு ஒரு வசதி. பைன்டவுனில் உள்ள தேசிய பயோபிராடக்ட்ஸ் நிறுவனம் உலர்த்திய பிளாஸ்மாவைத் தூளாகப் பாட்டிலில் தருகிறது. அதை 25 டிகிரிக்குக் கீழே அறையிலேயே வைக்கலாம். உறைந்த பிளாஸ்மா உருகக் காத்திருக்கும் நேரத்தில் இது கரைந்து தயாராகிவிடும். பாட்டிலைக் குலுக்காமல் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் நுரைத்துவிடும். வட எல்லையில் மங்கூசி போன்ற மாவட்ட மருத்துவமனையில் இருந்தால் பெரிய மருத்துவமனை உள்ள எம்பங்கேனிக்கு ஆம்புலன்ஸ் போகவே மணிக்கணக்காகும். அங்கே இந்தத் தூள் பெரிய துணை.

சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறக்குறைய சம விகிதத்தில் கொடுப்பதே பெரும் ரத்தமேற்றலின் குறி.

ரத்தக்குழாயை இறுக்கும் நாரட்ரினலின் கேட்பவர்களுக்கு: காலியான குழாயை இறுக்கினால் எண் அழகாகும், தசைக்கு ரத்தம் போகாது. ரத்தம் வந்துகொண்டிருக்கையில் டயஸ்டாலிக் மிகக் கீழே போனால் சிறிது நேரப் பாலமாக, குறைந்த அளவில், மூத்தவரோடு பேசிவிட்டு.

நான்காம் படி: குளிர், கால்சியம், பொட்டாசியம்

டர்பனில் வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏசி ஓடும், நோயாளியின் ஆடையை வெட்டி எடுத்திருப்போம், ஈரத்தில் கிடப்பார். குளிர்பெட்டி ரத்தம் 2 முதல் 6 டிகிரி. சூடாக்காத ஒரு பை பெரியவரின் உடல்வெப்பத்தைச் சுமார் கால் டிகிரி இறக்கும். பத்துப் பை போனால் கணக்கு நீங்களே போடுங்கள். 34க்குக் கீழே ரத்தம் உறைவது கெடும். 32க்குக் கீழே இதயத்தின் தாளம் தவறத் தொடங்கும். 28க்குக் கீழே தொட்டாலே ஃபிப்ரிலேஷனில் (ரத்தத்தைப் பிழியாமல் வெறுமனே நடுங்கும் நிலை) போகலாம். ரத்தத்துக்கான வார்மரில் மட்டும் சூடாக்குங்கள். வெந்நீர் வாளியில் பையை முக்குவது, மைக்ரோவேவில் வைப்பது இரண்டும் கூடாது. செல் உடைந்து பொட்டாசியம் வெளியே கொட்டும்.

கால்சியம்தான் அதிகம் மறக்கப்படுவது. ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். நல்ல ஈரல் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஷாக்கில், குளிரில் ஈரல் மந்தம். சிட்ரேட்டிடம் சிக்காமல் மிஞ்சும் அயனிக் கால்சியம் இறங்கினால் இதயம் பிழிவதும் குழாய் இறுகுவதும் தளரும். பை பையாக ஏற்றியும் பிரஷர் ஏறவில்லையே என்று திகைக்கும்போது பல நேரம் காரணம் இதுதான். இசிஜியில் க்யூடி இடைவெளி நீளும்.

பிளட் கேஸ் கருவியில் அயனிக் கால்சியம் 1.1 முதல் 1.3 மில்லிமோல் இருக்கவேண்டும். கருவிக்காகக் காத்திருக்காமல் முதல் இரண்டு பைகளுக்குள் ஒரு முறை கொடுத்து, பிறகு நான்கு பைக்கு ஒரு முறையாவது அளந்து கொடுங்கள். 10 சதவீதக் கால்சியம் குளோரைடு 10 மி.லி.யில் 6.8 மில்லிமோல் கால்சியம். குளுக்கோனேட் 10 மி.லி.யில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அலமாரியில் எது இருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள். ஒரு ஆம்பியூலுக்கு ஒரு ஆம்பியூல் என்று மாற்றிவிடக்கூடாது. குளோரைடு தோலுக்குள் கசிந்தால் சதை அழுகும். நல்ல பெரிய நரம்பில், சில நிமிடங்கள் எடுத்து, ரத்தம் ஓடாத குழாயில்.

பொட்டாசியம்: வைத்திருந்து பழகிய ரத்தத்தில் செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடியிருக்கும். பைக்குள் மொத்த அளவு குறைவு என்பதால் நிதானமாக ஓடினால் பெரியவர் தாங்குவார். அமிலம் ஏறியவருக்கு சென்ட்ரல் லைனில் பிழிந்து ஏற்றும்போதும், குழந்தைகளுக்கும்தான் ஆபத்து. குழந்தைக்குப் புதிய ரத்தம் கேளுங்கள். இசிஜியில் டி அலை கூம்பி, க்யூஆர்எஸ் அகன்றால் கால்சியம் முதலில். பிறகு இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், சல்பியூட்டமாலும்.

இங்கே மட்டும் பார்க்கக்கூடிய ஒரு நோயாளி உண்டு. ஊர்க்கூட்டம் ஷாம்பாக் சவுக்கால் அடித்து விட்டுப்போனவர். தோலில் கோடுகள்தான் தெரியும். ஆனால் அடியில் தசை நசுங்கி, அதற்குள் ரத்தம் தேங்கி, பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும். சிறுநீர் கோக் நிறத்தில் வரும். இவருக்கு ஏற்றும் முன்பே பொட்டாசியம் பாருங்கள், பொட்டாசியத்தை இன்னும் ஏற்றும் தசைத் தளர்த்தியான சக்ஸமெத்தோனியம் போடாதீர்கள்.

சோடியம் பைகார்பனேட்டைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. அமிலம் குறைய ரத்தம் ஓடவேண்டும். பைகார்பனேட் அயனிக் கால்சியத்தை இன்னும் இறக்கும்.

ஐந்தாம் படி: இன்டியூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது)

ரத்தம் இழந்தவருக்கு மயக்க மருந்து கொடுத்த அந்த நிமிடத்தில் இதயம் நின்றுபோவது அரிதல்ல. அட்ரினலின் ஓட்டத்தில் தாங்கிக்கொண்டிருந்த ரத்தக்குழாய்கள் மருந்தில் தளர்கின்றன. வெளியிலிருந்து காற்றை அழுத்தும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மூச்சுப்பாதை பத்திரமாக இருந்தால் முதலில் ரத்தம், பிறகு குழாய். கெட்டமைன் கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி.; தசைத் தளர்த்தியை மட்டும் குறைக்காதீர்கள், ரோக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. குறையாமல். புரொப்போஃபால் வேண்டாம். காற்றுக் கொடுக்கும் பையைப் பதட்டத்தில் வேகமாக அமுக்குபவரிடமிருந்து வாங்கி, பொறுமையான ஒருவரிடம் கொடுங்கள்.

இதயம் நின்றுவிட்டால்

இதயம் நின்றவருக்கு வழக்கமாகச் செய்யும் வரிசை இங்கே பின்னால் போகிறது. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடுவதுபோல்தான் காலி இதயத்தில் நெஞ்சை அமுக்குவது. அமுக்கலாம், ஆனால் அதற்காக மற்ற நான்கையும் நிறுத்தக்கூடாது: ரத்தம் ஏற்றுவது, ஆக்சிஜன், நெஞ்சுக்கூட்டில் அடைபட்ட காற்றைத் திறப்பது, இதய உறையில் தேங்கியதை விடுவிப்பது. அட்ரினலின் ஊசியை மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே இருப்பது இவருக்குப் பயன்தராது.

மறுநாள்

ரத்தம் நின்றபின் ஹீமோகுளோபின் 7 முதல் 9 வரை பெரும்பாலானோருக்குப் போதும். இதய நோயுள்ளவரை 8க்கு மேல் வைத்திருங்கள். மாரடைப்போடு ரத்தசோகையும் இருந்தவர்களிடம் 2023ல் வந்த மின்ட் ஆய்வு, தாராளமாக ஏற்றுவதன் பக்கம் சாய்ந்தாலும் தீர்ப்பாகச் சொல்லும் அளவு வித்தியாசம் காட்டவில்லை. நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பை.

ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ஏறியிருந்தால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினுக்குக் கை போகவேண்டாம். பெரும்பாலும் அது வரத்துக் குறைந்ததால் வந்த காயம். இசிஜியைத் திரும்ப எடுத்து, எக்கோ செய்து, இதய மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். டாக்ஸி விபத்தில் நெஞ்சு அடிபட்டவருக்கு இசிஜியும் ட்ரோபோனினும் இரண்டும் சரியாக இருந்தால் இதயக் காயத்தைக் கிட்டத்தட்ட விலக்கிவிடலாம்.

அடெனோலாலை நிறுத்தியே வைத்திருப்பதும் இதயத்துக்கு ஆகாது. ரத்தம் நின்று, பிரஷர் நிலைத்தபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குங்கள். ஆஸ்பிரின் எந்தத் தேதியில், யார் சொல்லி மீண்டும் ஆரம்பிக்கவேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் தேதி போட்டு எழுதி, பேத்தியிடமும் வாயால் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் தாத்தா வீட்டுக்குப் போன மறுநாளே பழைய மாத்திரை டப்பாவை எடுத்துவிடுவார்.